720-ஐ மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபுல்லரீன் எனும் கார்பன் கூண்டு மூலக்கூறுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். சூரிய மின்கலத்தில் அவை என்ன வேலை செய்கின்றன என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கூண்டின் மேல் வேறொரு அணுத்தொகுதியை ஒட்டியபின், அது உண்மையிலேயே ஒட்டியதா, எத்தனை ஒட்டியது என்பதை எப்படி உறுதி செய்கிறார்கள் என்ற பகுதி கட்டுரையில் இல்லை. பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டி என்று நம் வட்டாரத்தில் முதுகலை வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இடறி விழுவது அந்த இடத்தில்தான். நான்காம் பருவ ஆய்வேட்டு வேலை தொடங்குமுன் அவர்கள் கையில் இது சேர்ந்தால் நல்லது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம். இடம் தந்து உதவ வேண்டுகிறோம்.

நடப்பது இதுதான். வினை முடிந்ததும் மாதிரியை, மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வரும் படத்தில் 720 என்ற இடத்தில் பெரிய பீக் (கூர்முகடு) நிற்கிறது. அது வெறும் சி60-இன், அதாவது தொகுதி எதுவும் ஏறாத 60 கார்பன் கூண்டின், நிறை. உடனே ‘வினை நடக்கவில்லை’ என்று முடிவு கட்டி, நல்ல மாதிரியைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிடுகிறார்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. எதிர்பார்த்த நிறையில் சின்னதாக ஒரு பீக் தெரிந்ததும் ‘தூய விளைபொருள் கிடைத்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். 720 இருப்பதால் வினை தோற்றது என்றோ, இல்லாததால் பொருள் தூயது என்றோ சொல்லிவிட முடியாது. ஏன் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

சி60 உலகுக்குத் தெரியவந்ததே ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரத்தின் வழியாகத்தான். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தில் கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கி, ஹீலியம் ஓட்டத்தில் குளிரவிட்டு, பறக்கும் நேரத்தைக் கொண்டு நிறை அளக்கும் கருவியில் பார்த்தபோது 720-இல் ஒரு பீக் மற்றவற்றைவிட ஓங்கி நின்றது. 60 கார்பன்கள், 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களுமாக மூடிக்கொண்ட கூண்டு என்று அதற்கு உருவம் சொன்ன க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் 1996-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1990-இல் க்ரேட்ச்மரும் ஹஃப்மனும் ஹீலியத்தில் கிராஃபைட் தண்டுகளுக்கிடையே மின்வில் எரித்துக் கரியிலிருந்து கண்ணால் பார்க்கும் அளவில் அதைப் பிரித்தெடுத்த பிறகே கூண்டின் மேல் வேதியியல் செய்ய முடிந்தது.

இன்று மாணவர்கள் அதிகம் செய்து பார்ப்பவை இரண்டு வினைகள். சார்கோசினையும் பாராஃபார்மால்டிஹைடையும் சேர்த்து டொலுவீனில் ரிஃப்ளக்ஸ் செய்யும் ப்ராட்டோ வினையில், ஒரு தொகுதி ஏறினால் 57.06 கூடி 777.06 வர வேண்டும். டைஎதில் புரோமோமலோனேட்டைக் காரத்துடன் சேர்க்கும் பிங்கெல் வினையில் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 158.06 கூடும், ஒன்று 878, இரண்டு 1036, மூன்று 1194. சூரிய மின்கலக்காரர்கள் வாங்கும் பி.சி.பி.எம். எனும் தொகுதி ஏறிய ஃபுல்லரீன் 910.10. அதிலேயே இரண்டு தொகுதி ஏறியது 1100.20.

இவை எல்லாவற்றிலும் 720 எங்கிருந்து வருகிறது? கூண்டு மிக உறுதியானது. தொகுதியைக் கூண்டோடு சேர்க்கும் பிணைப்புகள் அந்த அளவுக்கு உறுதி இல்லாதவை. மாதிரியை லேசரால் ஆவியாக்கி அயனியாக்கும் மால்டி வகை மாஸ் கருவியில், லேசரின் ஆற்றல் மூலக்கூறுக்குள் இறங்கும்போது முதலில் அறுவது அந்தப் பிணைப்புகள்தான். வந்த வழியே திரும்புவது போல ஏற்ற வினை தலைகீழாக நடந்து கூண்டு மீண்டுவிடுகிறது. சி60-இன் எலக்ட்ரான் நாட்டம் 2.68 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், பிரியும்போது எதிர்மின்சுமையைக் கூண்டே வைத்துக்கொள்கிறது. உதிர்ந்த தொகுதி மின்சுமை இல்லாமல் போவதால் கருவிக்கு அது தெரிவதே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு வினைபடாத சி60 மட்டும் இருப்பது போலத் தோன்றும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சி60-இல் 30 இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஒரு தொகுதி ஏறும்போது அவற்றில் ஒன்று போய்விடுகிறது. எலக்ட்ரானை ஏற்கும் ஆவல் சற்றுக் குறைகிறது. எனவே கலவையில் கொஞ்சமே வினைபடாத சி60 இருந்தாலும், எதிர்மின்சுமை உள்ள அயனிகளை அளக்கும் எதிர் அயனி முறையில் அது தன் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். பீக்கின் உயரத்தை வைத்து ‘விளைச்சல் 40 சதவீதம்’ என்று எழுதுவது இதனால்தான் செல்லாது.

அந்த 720 உடைந்து வந்ததா, மாதிரியிலேயே இருந்ததா என்று பிரித்தறிய வழிகள் உண்டு. முதலில் மால்டி கருவியில் லேசர் ஆற்றலை மாற்றிப் பார்க்க வேண்டும். சமிக்ஞை அப்போதுதான் தலைகாட்டும் அளவுக்கு ஆற்றலைக் குறைத்து, அங்கிருந்து சிறுகச் சிறுக ஏற்றி, நான்கைந்து நிலைகளில் ஸ்பெக்ட்ரம் எடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நிலையிலும் 720-க்கும் விளைபொருள் பீக்குக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஆற்றல் ஏற ஏற விகிதமும் ஏறினால் பெரும்பகுதி உடைவு. மிகக் குறைந்த ஆற்றலிலும் 720 விடாப்பிடியாக நின்றால் மாதிரியில் சி60 இருக்கிறது என்று சந்தேகப்படலாம். ஆற்றல் மிகையானால் கூண்டே உடையத் தொடங்கும். இரண்டு இரண்டு கார்பனாக உதிர்ந்து 696, 672, 648 என்று 24 இடைவெளியில் படிக்கட்டு தோன்றும். 1400-க்கு மேல் 1416, 1440 என்று பீக்குகள் வந்தால், அவை பெரும்பாலும் லேசர் புகையில் கூண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியதால் வந்தவை. அவற்றைப் பார்த்து ‘இரட்டைக் கூண்டு உண்டாக்கிவிட்டோம்’ என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

அடுத்தது, தகட்டில் மாதிரி வைத்த அதே புள்ளியில் லீனியர் முறையிலும் (அயனி நேராகப் பறப்பது) ரிஃப்ளெக்ட்ரான் முறையிலும் (அயனியை மின்புலத்தால் திருப்பி அனுப்புவது) எடுத்து ஒப்பிடுவது. முடுக்கிவிட்ட பிறகு பறக்கும் வழியில் உடையும் அயனி, லீனியர் முறையில் உடையாதது போலவே தாய் அயனியின் நேரத்தில் வந்து சேரும். ரிஃப்ளெக்ட்ரானில் அதே துண்டு இடம் தவறி, அகன்ற மேடாக விழும். லீனியரில் 777 ஓங்கியும் ரிஃப்ளெக்ட்ரானில் ஒடுங்கியும் தெரிந்தால் உங்கள் பொருள் நொய்மையானது என்று பொருள். இந்தத் தகவல் எந்தக் கூடுதல் செலவும் இல்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் யாரும் கேட்டு வாங்குவதில்லை.

முடிவான விடை மாஸ் கருவிக்கு வெளியே இருக்கிறது. சிலிக்கா தகட்டில் டொலுவீன் ஓடவிட்டால் சி60 ஊதா நிறத்தில் கரைப்பான் முகப்பை ஒட்டி ஓடும். பிங்கெல் வினையில் வருவது போன்ற எஸ்டர் ஏறிய பழுப்பு நிறப் பொருள் பின்தங்கும். மாதிரியை அனுப்புவதற்கு முன்பே இதைச் செய்யலாம். எச்.பி.எல்.சி. (கரைசலை அழுத்தத்தில் ஓட்டிக் கலவையைப் பிரிக்கும் கருவி) வசதி உள்ளவர்கள் ஃபுல்லரீனுக்கென்றே உள்ள பக்கிப்ரெப் காலத்தில் (column, பிரிப்புக் குழாய்), டொலுவீனை நிமிடத்துக்கு 1 மில்லிலிட்டர் வேகத்தில் ஓட்டி, 330 நானோமீட்டர் அலைநீள ஒளியில் பார்க்கலாம். 285-க்குக் கீழே டொலுவீனே ஒளியை விழுங்கிவிடும் என்பதால் 254-இல் வைத்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று சொல்லக் கூடாது. சி18 காலம் மட்டுமே இருந்தால் டொலுவீனும் அசிட்டோநைட்ரைலும் ஏறக்குறையச் சம அளவில் கலந்து ஓட்டிப் பார்க்கலாம். காலத்தில் சி60 இடத்தில் எதுவும் வராமல், மாஸில் மட்டும் 720 வந்தால், அது உடைவு என்று ஐயமின்றி எழுதலாம்.

மாதிரித் தயாரிப்பில்தான் பாதிப் பிழைகள் நுழைகின்றன. பல இடங்களில் மால்டி என்றால் புரதங்களுக்கான அமில மேட்ரிக்ஸை (லேசர் ஒளியை வாங்கி மாதிரியை அயனியாக்க உதவும் துணைப் பொருளை), தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த கரைசலில் வைத்திருப்பார்கள். நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் அதிலேயே போட்டுவிடுவார்கள். ஃபுல்லரீன் பொருள் அதில் கரையாமல் துகளாகப் பிரிந்துவிடும். லேசர் துகளை நேரடியாகத் தாக்கும். 720 மட்டும் வரும். கேட்க வேண்டியது டி.சி.டி.பி. என்ற மேட்ரிக்ஸ். அது எலக்ட்ரானைக் கைமாற்றும் வகை, புரோட்டானைத் திணிக்காது, குறைந்த லேசர் ஆற்றலிலேயே வேலை செய்யும்.

அளவு இப்படி. டி.சி.டி.பி. 20 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டொலுவீனில் கரைக்கவும். உங்கள் பொருளை மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற அளவில் டொலுவீனில் கரைக்கவும். சி60-ஏ டொலுவீனில் மில்லிலிட்டருக்கு 2.8 மில்லிகிராம் வரைதான் கரையும் என்பதால் இதற்கு மேல் அடர்த்தி கூட்டி லாபமில்லை. மேட்ரிக்ஸ் 10 மைக்ரோலிட்டருக்கு மாதிரி 1 மைக்ரோலிட்டர் கலந்தால், மூலக்கூறு எண்ணிக்கையில் ஆயிரத்துக்கு ஒன்றை ஒட்டி வரும். தகட்டில் 0.3 முதல் 0.5 மைக்ரோலிட்டர் போதும். டொலுவீன் எஃகுத் தகட்டில் பரந்து ஓடிப் பக்கத்துப் புள்ளியில் கலந்துவிடும். ஆகையால் நடுவே ஒரு புள்ளியைக் காலியாக விடவும். ஒரு புள்ளியில் மேட்ரிக்ஸை மட்டும் வைப்பது கட்டாயம். முன்பு யாரோ ஃபுல்லரீன் போட்ட தகடு சரியாகக் கழுவப்படாமல் இருந்தால் அந்தக் காலிப் புள்ளியிலும் 720 வரும். இது அரிதான சங்கதி அன்று.

டொலுவீனும் குளோரோஃபார்மும் பிளாஸ்டிக்கிலிருந்து மென்மையாக்கிகளை இழுத்துக்கொள்ளும். நேர் அயனி முறையில் 391, 413 என்று பீக் வந்தால் அது பிளாஸ்டிக் குழாயின் தாலேட். உங்கள் விளைபொருள் இல்லை. கண்ணாடிக் குப்பி, டெஃப்லான் உள்மூடி இரண்டையுமே பயன்படுத்துங்கள். பாராஃபிலிம் சுற்றினால் டொலுவீன் ஆவி அதையும் கரைத்து உள்ளே கொண்டுவரும்.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு எச்சரிக்கை. சி60 ஒளியை வாங்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கிளர்ச்சியுற்ற வடிவத்துக்கு ஏற்றுவதில் கெட்டிக்காரப் பொருள். கரைசலை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனால் நாளடைவில் 736-இல், அதாவது 16 கூடி, எபாக்சைடு பீக் முளைக்கும், 752-ம் தொடரலாம். சித்திரை, வைகாசியில் அறை வெப்பமே 40 பாகையை நெருங்கும்போது இது இன்னும் விரைவாகும். கரைப்பானை முழுவதும் வெற்றிடத்தில் 60 பாகையில் எடுத்துவிட்டு, உலர்ந்த தூளாக, பழுப்புக் குப்பியில், அலுமினியத் தாள் சுற்றி, குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். வெளியூருக்கு அனுப்பும்போதும் 1 முதல் 2 மில்லிகிராம் தூளாகவே அனுப்புங்கள். டொலுவீன் எரியும் திரவம். கரைசலாகக் கூரியரில் போடக் கூடாது.

கரைசலை மின்புலத்தில் நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் எலக்ட்ரோஸ்பிரே முறை மால்டியைவிட மென்மையானது. ஆனால் தூய டொலுவீன் மின்சாரம் கடத்தாததால் தெளிப்பு நிலைக்காது. மெத்தனால் சேர்க்க வேண்டும். அதிகம் சேர்த்தால் பொருள் பிரிந்து நுண்குழாயை அடைக்கும். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்துகொள்வது பாதுகாப்பு. நைட்ரஜன் உள்ள ப்ராட்டோ பொருளுக்கு நேர் அயனி முறையில் புரோட்டான் ஏறிய 778 தேடவும். பிங்கெல் எஸ்டருக்குச் சோடியம் ஏறிய 901 தேடவும். கிடைத்தால் மால்டியில் வந்த 720 குறித்த கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்பெக்ட்ரம் கைக்கு வந்ததும் பீக்கின் எண்ணோடு நின்றுவிடாமல், அதன் அண்டை வீடுகளையும் பார்க்க வேண்டும். இயற்கைக் கார்பனில் ஏறக்குறைய 1.1 சதவீதம் 13 நிறையுள்ள ஐசோடோப்பு. 60 கார்பன் இருந்தால் 720 நூறு என்றால் 721 ஏறக்குறைய 65, 722 ஏறக்குறைய 21, 723 ஏறக்குறைய 4. பி.சி.பி.எம்.-இல் 72 கார்பன் என்பதால் 910 நூறு என்றால் 911 ஏறக்குறைய 78, 912 ஏறக்குறைய 30. ஒரு பீக் ஃபுல்லரீனைச் சேர்ந்ததுதானா என்பதற்கு இதைவிட எளிய சோதனை இல்லை. குளோரின் ஏறியிருந்தால் இரண்டு கழித்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் துணைப் பீக் தனியே வரும். புரோமின் என்றால் ஏறக்குறையச் சமம். ஃப்ளோரினுக்கு இயற்கையில் ஒரே ஐசோடோப்பு என்பதால் வடிவம் மாறாது. 19, 19 ஆகக் கூடும்.

722 எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால் ஹைட்ரஜன் ஏறியிருக்கலாம். அதற்கு முன் டிடெக்டர் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். மிகை ஆற்றலில் 720 தன் முழு உயரத்தைக் காட்ட முடியாமல் மொட்டையாகும்போது 721-ம் 722-ம் பொய்யாக உயர்ந்து தெரியும். ஹைட்ரஜன் ஒன்று ஏறிய கூண்டின் நிறை 721.0078; ஒரு கார்பன் 13 ஆன வெறும் கூண்டு 721.0034. இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட 1,60,000 அளவு பிரிதிறன் வேண்டும். சாதாரணப் பறக்கும் நேரக் கருவிக்கு அது எட்டாது. ஃபூரியர் மாற்று அயனி சைக்ளோட்ரான் வகைக் கருவியைத்தான் நாட வேண்டும். எனவே சாதாரணக் கருவியில் எடுத்துவிட்டு ‘சி60-இல் ஒரு ஹைட்ரஜன் உள்ளது’ என்று எழுதக் கூடாது.

தசமப் புள்ளிக்குப் பின் வரும் எண்ணும் பேசும். கார்பன் 12-இன் நிறை வரையறைப்படியே சரியாக 12 என்பதால் ஃபுல்லரீன் பீக்குகள் முழு எண்ணை ஒட்டியே நிற்கும்: 720.00, 840.00, 910.10. எண்ணெய், கொழுப்பு, பிளாஸ்டிக் சேர்மானம் போன்ற ஹைட்ரஜன் மிகுந்த பொருள்கள் அதே பகுதியில் வந்தால் தசமம் 0.4-லிருந்து 0.8 வரை இருக்கும். 720.5 என்று படித்தால், அது சி60 என்று நினைக்கும்முன் அளவீட்டைச் சரிபாருங்கள். சி60-ம் சி70-ம் கலந்த கரைசலையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஃபுல்லரினால் (fullerenol) எனும், ஹைட்ராக்சில் தொகுதிகள் ஏறிய ஃபுல்லரீனைச் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். காரமும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துக் குலுக்கினால் ஊதா நிறம் போய்ப் பழுப்புப் பொருள் கிடைக்கிறது; அதனால் பல கல்லூரிகளில் விருப்பமான வினை. 24 ஹைட்ராக்சில் ஏறியது என்றால் 1128 வர வேண்டும். நடைமுறையில் அந்த இடத்தில் தெளிவான பீக் வருவதே அபூர்வம். 17-ம் 18-மாக உதிர்ந்து கொண்டே போகும், அடியில் 720 நிற்கும். சரியாகக் கழுவாத பொருளில் நேர் அயனி முறையில் 242 என்ற ஒற்றைப் பீக் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அது டெட்ராபியூட்டைல் அம்மோனியம் அயனி. சோடியம் ஒட்டியிருந்தால் ஒவ்வொரு ஹைட்ரஜனுக்குப் பதிலும் 22 கூடும். ஆகவே ஹைட்ராக்சில் எண்ணிக்கையை மாஸ் ஒன்றைக் கொண்டு சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. தனிமப் பகுப்பாய்வும் டி.ஜி.ஏ.வும் (சூடேற்றும்போது எடை குறைவதை அளப்பது) சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூண்டுக்குள்ளே அணுவை அடைத்த வகைக்கு வந்தால், உடைவதே சான்றாகிவிடுகிறது. சிலம்பை உடைத்துப் பரலைக் காட்டி வழக்கை முடித்தாள் கண்ணகி. இங்கும் அதே முறைதான். 1991-இல் பெர்லினில் ஷ்வார்ஸ் குழுவினர், வேகமாகப் பறக்கும் சி60 அயனியை ஹீலியத்தில் மோதவிட்டு 724 பெற்றார்கள். ஹீலியம் வெளியே ஒட்டியிருந்தால் முதல் உடைவிலேயே அது விழுந்து 720 மிஞ்ச வேண்டும். உள்ளே இருந்தால் கூண்டு இரண்டு கார்பனை இழந்த பிறகும் ஹீலியம் உடன் வந்து 700 தெரிய வேண்டும். தெரிந்தது. 82 கார்பன் கூண்டில் லாந்தனம் அடைத்த 1123-ம் இப்படித்தான் 1099 ஆகிறது.

மாஸ் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரே வகைத் தொகுதி இரண்டு ஏறும்போது, கூண்டில் அவை எங்கெங்கே அமர்கின்றன என்பதைப் பொறுத்து எட்டு வடிவங்கள் உண்டாகலாம். எட்டுக்கும் நிறை ஒன்றே. 1036 வந்தது என்பதற்காக ஒற்றைப் பொருள் கிடைத்தது என்று எழுத முடியாது. அதற்குப் பிரிப்பும் என்.எம்.ஆரும் (காந்தப்புலத்தில் அணுக்களின் அமைவைக் காட்டும் அளவீடு) வேண்டும். இரண்டு ஏறிய பொருள் உடைந்தாலும் ஒன்று ஏறிய நிறையே வரும் என்பதால், 720-க்குச் சொன்ன அதே சோதனைகள் 878-க்கும் 910-க்கும் பொருந்தும்.

மாணவர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் எங்கள் வேண்டுகோள். சென்னை ஐ.ஐ.டி.க்கு அனுப்பினாலும், பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ அனுப்பினாலும், படிவத்தில் இப்படி எழுதுங்கள்: எதிர் அயனி முறை; டி.சி.டி.பி. மேட்ரிக்ஸ், டொலுவீன் கரைப்பான், தொடக்க நிலை லேசர் ஆற்றலிலிருந்து ஏற்றி எடுக்கவும், 600 முதல் 1600 வரை, மேட்ரிக்ஸ் மட்டும் உள்ள புள்ளியும் தேவை. உங்கள் மாதிரியுடன் தூய சி60 ஒரு குப்பியும், விலைக்கு வாங்கிய பி.சி.பி.எம். ஒரு குப்பியும் சேர்த்து அனுப்புங்கள். தூய பி.சி.பி.எம். அதே நாளில், அதே கருவியில் எவ்வளவு 720 தருகிறது என்று தெரிந்தால் உங்கள் படத்தில் உள்ள 720-ஐ எடைபோட ஓர் அளவு கிடைக்கும். அச்சிட்ட படத்தோடு திருப்தி அடையாமல் மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். ஐசோடோப்பு விகிதத்தைத் தாளில் உள்ள படத்திலிருந்து படிக்க முடியாது.

பக்கிப்ரெப் காலம் விலை கூடிய பொருள்; ஒரு கல்லூரி தனியாக வாங்குவது கடினம். நெல்லை வட்டாரக் கல்லூரிகள் சேர்ந்து ஒன்றை வாங்கி, பல்கலைக்கழகத்திலோ பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றிலோ வைத்து, டொலுவீன் தவிர வேறு எதையும் அதில் ஓட்டாமல் முறை வைத்துப் பயன்படுத்த முடியும். துறைத் தலைவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே கூடிப் பேசி இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் ஆசிரியர்கள்,
பாளையங்கோட்டை